கழிப்பறைக்கு எதற்குக் கல்வெட்டு?

நம் குரூப்பில் வந்த அந்தப் போட்டோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் புதுக் கழிப்பறை, கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர்கள், அவர்களுக்குச் சால்வை போர்த்தும் தலைமையாசிரியை. 'பெருமையா இருக்கு' என்று எழுதித் தள்ளுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

கொடுத்தவர்கள் மேல் இல்லை, நானும் கொடுத்தவள்தான். ஆனால் இது அரசின் கடமை. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று 21ஏ பிரிவு அரசியலமைப்பில் சேர்ந்தது 2002இல். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. உரிமையாக வரவேண்டியதற்கு அந்தத் தலைமையாசிரியை ஏன் கைகூப்பி நிற்க வேண்டும்?

நானும் அங்கேதான் படித்தேன். காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போவோம். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாதாமாதம் லீவு போட்டு, எட்டாம் வகுப்பில் ஒரேயடியாக நின்றுவிட்டாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போதும் எனக்கு அது ஆறவில்லை.

காமராசர் காலத்தில் ஊர் கொடுக்கவில்லையா என்பீர்கள். கொடுத்தது. அன்றைய கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியபோது மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அப்போது 21ஏ இல்லை. இப்போது இருக்கிறது.

டெல்லி பணம் தரவில்லை என்பார்கள். உண்மை. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தியது அநியாயம். மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது சரி. ஆனால் எங்கள் பள்ளியில் கழிப்பறை இல்லாதது 2024இலா தொடங்கியது? நிதிப் பொறுப்பு இரண்டு அரசுக்கும் சேர்த்துத்தான் என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், அதுவரை பெண்பிள்ளைகள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமா?

'எதிலும் குறை கண்டுபிடிக்கிறாய்' என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணா, உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் கழிப்பறைக்கு வசூல் செய்தால் சும்மா இருப்பீர்களா? ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்ததே பெரிது என்ற நினைப்புதான் எனக்கு வலிக்கிறது.

அப்புறம், அந்தக் கழிப்பறையைத் தினமும் கழுவுகிறவருக்குச் சம்பளம் யார் தருவது? அதற்கும் வசூல் என்று குரூப்பில் செய்தி வந்துவிட்டது. இந்த முறை நான் பணம் அனுப்பப் போவதில்லை. வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவருகிறேன்.