1837 ஒப்பந்தமும் ஓஜிப்வே மீன்பிடி உரிமையும்

"1837-லேயே காசு வாங்கிக்கொண்டு நிலத்தை விற்றுவிட்ட ஓஜிப்வேக்களை அமெரிக்க அரசு இன்னும் இனாமாக மீன்பிடிக்க விடுகிறது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

வட அமெரிக்கப் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களில் ஒரு பிரிவினரான ஓஜிப்வேக்கள், இன்றைய விஸ்கான்சின், மினசோட்டா பகுதிகளில் பெரும் நிலப்பரப்பை அந்த ஆண்டு விட்டுக்கொடுத்தது உண்மை. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, அங்கே வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் காட்டரிசி சேகரிக்கவும் அவர்களுக்கு உறுதி தருகிறது. "ஜனாதிபதி விரும்பும்வரை" என்று ஒரு வாலும் ஒட்டியிருக்கிறது. வம்பே அதில்தான்.

அந்த வாலைப் பிடித்துக்கொண்டு 1850-ல் ஜனாதிபதி டெய்லர் உரிமையை ரத்து செய்து, வெளியேறச் சொன்னார். அவர்களை மேற்கே இழுப்பதற்காக, நிலத்துக்கு ஈடாக விஸ்கான்சினின் லா பாயிண்ட்டில் தரவேண்டிய ஆண்டுத் தொகையை அந்த இலையுதிர் காலத்தில் தொலைவிலிருந்த மினசோட்டாவின் சாண்டி ஏரியில் தருவதாக அதிகாரிகள் அறிவித்தார்கள். போனவர்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். பணம் வரவில்லை, கொடுத்த உணவோ கெட்டுப்போயிருந்தது. தட்டம்மையிலும் வயிற்றுப்போக்கிலும், பனியில் ஊர் திரும்பும் வழியிலுமாகச் சுமார் 400 பேர் இறந்தார்கள். 1852-ல் முதிய தலைவர் கெச்சிவைஷ்கே தோணியில் புறப்பட்டு வாஷிங்டன் வரை போய், ஜனாதிபதி ஃபில்மோரைச் சந்தித்து முறையிட்டார். வெளியேற்றம் நின்றது.

டெய்லரின் ஆணையே செல்லாது, உரிமை இன்றும் உண்டு என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அப்புறம், "ஏரியையே காலி செய்கிறார்கள்" என்ற பேச்சு: ஏரிக்கு இத்தனை மீன் என்று வரம்பு உண்டு. வசந்த கால இரவுகளில் விஸ்கான்சினில் ஈட்டியால் குத்திப் பிடிக்கும் மீன்களைக் கரையிலேயே எண்ணிப் பதிவு செய்கிறார்கள்.