உடைந்தது ஏஇஎஸ் அல்ல, டிரைவர்

லினக்ஸில் என்கிரிப்ஷன் வேலையைத் தனிச் சிப்பிடம் கொடுத்து வாங்கும் டிரைவரில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை, ‘என்கிரிப்ஷனே உடைந்தது’ என்று ஒரு கட்டுரை சொல்வது தப்பு. டேட்டாவைப் பூட்டும் கணக்கு முறையான ஏஇஎஸ்சுக்கு (AES) ஒன்றும் ஆகவில்லை. சிப்புக்குக் கொடுத்த வேலை நேரத்துக்குள் முடியாமல் டைம்அவுட் ஆனதும், அதற்காக ஒதுக்கிய மெமரியை டிரைவர் விடுவித்துவிடுகிறது. சிப் தாமதமாக முடித்து இன்டரப்ட் (வேலை முடிந்தது என்ற சிக்னல்) அனுப்பும்போது டிரைவர் மறுபடி அதே இடத்தில் கை வைக்கிறது. அதற்குள் அங்கே லினக்ஸின் மையமான கெர்னலின் வேறு டேட்டா குடியேறியிருக்கலாம்.

வாளையாறு, கொழிஞ்சாம்பாறை பக்கம் லினக்ஸ் பெட்டியில் ஐபிசெக் விபிஎன் (இணையம் வழியே பூட்டிய இணைப்பு) போட்டு கோவை ஆபீசோடு பில்லிங்கை இணைத்திருப்பவர்கள், ஓட்டையை அடைக்கும் பேட்ச் வரும்வரை அந்த டிரைவர் மாட்யூலைக் கெர்னலிலிருந்து இறக்கிவிடலாம். முதலில் விபிஎன்னை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இறங்காது. பிறகு அதை பிளாக்லிஸ்டில் (ஏற்றக் கூடாதவற்றின் பட்டியல்) சேர்த்து, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (initramfs) புதுப்பியுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இதை விட்டால் ரீபூட்டில் டிரைவர் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். விபிஎன்னை மறுபடி ஏற்றினால் கெர்னல் தானாக மென்பொருள் ஏஇஎஸ்சை எடுத்துக்கொள்ளும். வேகம் குறையும், பில் போட அது தாராளம். டிரைவர் தனி மாட்யூலாக இல்லாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தால் இந்த பிளாக்லிஸ்ட் வேலைக்காகாது, புது கெர்னல் அல்லது அதைக் கொண்ட புது ஃபர்ம்வேர் போட வேண்டும்.