1098-ஆம் வருஷத்துப் பிரமாணம்

போன மாதம் வீட்டுப் பெட்டியிலிருந்து பழைய பிரமாணம் ஒன்றை எடுத்தோம். கிழக்கே உள்ளவர்கள் பத்திரம் என்பார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பக்கம் பிரமாணம்தான். பூட்டன் காலத்துப் பாகப்பிரிவினை, மலையாள எழுத்து. வருஷம் 1098 என்று இருந்தது. "குலோத்துங்க சோழன் காலமாப்பா?" என்றான் மகன். கொல்லம் ஆண்டுடா, மலையாளக் கணக்கு, நம்ம கணக்குக்கு 1922-23 என்றேன். அவனுக்கு ஏமாற்றம்.

வாசித்துச் சொல்லக் குழித்துறையில் வயதான எழுத்துக்காரர் ஒருவர் கிடைத்தார். அவர் உரக்க வாசிக்க வாசிக்க, மலையாளத்தில் ஓரெழுத்தும் தெரியாத அம்மா முக்கால்வாசியைப் பிடித்துவிட்டார். வீடு நிற்கும் புரையிடம், தோட்டமாகிய விளை, ஓடையாகிய தோடு, வயல்வெளியாகிய ஏலா எல்லாம் அவர் தினமும் புழங்குகிற சொற்கள்தானே. கடைசித் தாளில் பூட்டனின் பெருவிரல் ரேகை. அவர் தம்பி தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சாட்சிக்காரர்கள் மலையாளத்தில்.

அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து, எங்கள் மாவட்டத்தைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதுவதை வாசித்தால் ஓர் எரிச்சல் வருகிறது. தமிழில் எழுதுகிறவர் 'வடவேங்கடம் தென்குமரி'யில் தொடங்குவார். கேரளத்துக்காரர் பத்மநாபபுரம் அரண்மனையில் தொடங்குவார். முஞ்சிறை பக்கத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 சட்டர்கள் (மாணவர்கள்) படிக்கச் சாலை (கல்விக்கூடம்) அமைத்ததைச் சொல்லும் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டை இரண்டு பக்கமும் மேற்கோள் காட்டுவார்கள். அங்கே அது கேரளக் கல்வி வரலாறு, இங்கே தமிழ் வேளிர் வரலாறு. திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் வரிசை 1910 வாக்கில் வரத் தொடங்கியபோது சுசீந்திரமும் திருவனந்தபுரமும் ஒரே தொகுப்பில்தான் கிடந்தன. 1956 நவம்பர் 1-இல் எங்கள் நாலு தாலுகாவைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்த்த பிறகு, கல்வெட்டையும் அவற்றோடு சேர்த்துப் பிரித்துக்கொண்டார்கள் போல.

தமிழகத்தோடு சேரக் கேட்ட மொழிப் போராட்டத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் எங்கள் ஆட்கள். ஆனால் தமிழா மலையாளமா என்ற அந்த ஒரு கேள்வியையே ஆயிரம் வருஷத்துக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்தால் எப்படி?

அப்புறம் இந்த 'நாஞ்சில் நாடு'. மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டும் நாஞ்சில் நாடு, சரி. ஒரு கருத்தரங்கில் மேற்கே விளவங்கோட்டில் கிடக்கும் மார்த்தாண்டத்தையும் அதற்குள் போட்டு ஒருவர் பேசினார். பின்வரிசையில் ஒரு குரல்: "அண்ணன் ஆரல்வாய்மொழி வழியா வந்து நாகருகோயிலோட நின்னுட்டாரு." கல்குளமும் விளவங்கோடும் பலருடைய கட்டுரையில் அடிக்குறிப்பு அளவுக்குத்தான்.

நாஞ்சில் நாட்டையே எடுத்தாலும் அது ஒரு பெட்டிக்குள் அடங்குவதில்லை. தேரூரில் பிறந்த கவிமணி நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராக இருந்தவர், கல்வெட்டு வாசித்தவர், காந்தளூர்ச் சாலை பற்றி எழுதியவர். அவரே தன் சாதியின் சொத்துரிமையைக் கிண்டலடித்து 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். வீட்டில் பேசுவது தமிழ், சொத்து போவது சகோதரி மகனுக்கு. இந்த வீட்டை எந்த மாநிலத்தில் சேர்ப்பது? அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளோ இன்னும் சங்கடம். அவற்றில் மனிதர்களை விலைக்கு விற்ற ஓலைகளும் உண்டு. விற்கப்பட்டவர்களிடம் போய் நீ தமிழனா மலையாளியா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். எங்கள் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரச அறிவிப்பு வந்தது 1859-இல். அதற்குப் பிறகு அறுபது வருஷம் கடந்துதான் பூட்டன் அந்தத் தாளில் விரல் வைக்கிறார். அவருக்கு அன்றைக்கு முக்கியம், மேற்கே தோடு வரை தன் பங்கு என்று எழுதியிருக்கிறார்களா என்பதுதான்.

கல்லும் செப்பேடும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரூராகத் தகரப் பெட்டிகளில் கிடக்கும் இந்தப் பிரமாணங்களையும் கொஞ்சம் வாசியுங்கள். எலியும் ஈரமும் ஏற்கெனவே வாசிக்கத் தொடங்கிவிட்டன.

எங்கள் வேலை இன்னும் முடியவில்லை. பட்டாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டுமாம். 'புரையிடம்' என்பதற்குத் தமிழில் என்ன போட என்று எழுத்துக்காரர் பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டார். அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை.

"புரையிடம்னே போடுங்க. அது தமிழ்தானே?"