முதல் அடுக்கு கல்லாக இறுகக் கூடாது

உருக்கி ஊற்றும் சோப்பில் (தயாராக வரும் சோப்புக் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது) பல நிற அடுக்குகள் வைக்கும்போது, முதல் அடுக்கை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, கல்லாக இறுகிய பிறகுதான் அடுத்த நிறத்தை ஊற்ற வேண்டும் என்று சிலர் சொல்வது தவறு. அப்படிச் செய்தால் அடுக்குகள் ஒட்டாது, நான் செய்த மஞ்சள் பச்சை சோப்பு குளிக்கும்போது கையிலேயே இரண்டு வில்லையாகப் பிரிந்து வந்தது. மேலே ஆடை படிந்து, தொட்டால் விரலில் ஒட்டாமல், ஆனால் இளஞ்சூடு இருக்கும்போதே அடுக்குகள் ஒட்டுவதற்காக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தெளித்து (அடுப்புப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும்) அடுத்ததைச் சுமார் 50 டிகிரி செல்சியஸில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கீழ் அடுக்கு உருகி நிறம் கலங்கிவிடும். ஏற்கெனவே ஆறிவிட்டதா? சரி, முள்கரண்டியால் மேற்பரப்பைக் கீறிவிட்டுத் தெளியுங்கள். அப்புறம், நிறத்துக்குக் கேசரி பவுடர் போட்டால் அது பக்கத்து அடுக்குக்குப் பரவும், மைக்கா தூள் (மினுமினுக்கும் கனிமத் தூள்) பரவாது.