மௌனத் தியானத்தில் ஏன் இவ்வளவு சத்தம்?

வருடத்துக்கு ஒருநாள், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் கோவில் பங்கு மக்களோடு தியானத்துக்குப் போகிறோம், அன்றைக்குக்கூட வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதா? ஹட்டனில் 6 மணிக்கு பஸ் என்றார்கள், நகரும்போது 7.30. சரி, அதை விடுங்கள். நுவரெலியா குளிரில் நற்கருணைக்கு முன் முழங்காலில் இருக்கிறேன், பின்னால் ரொட்டிப் பார்சல் சரசரவென்று பிரிகிறது, கட்டச் சம்பல் மணக்கிறது, அப்புறம் போன் அடிக்கிறது, எடுத்து "நான் தியானத்தில இருக்கேன்" என்று கத்துகிறார் ஒருவர்! குருவிடம் பாவங்களைச் சொல்லப் போகும் பாவசங்கீர்த்தன வரிசையிலும் கலியாணக் கதையா? புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சி முழுதாகச் செய்தால் 30 நாள் மௌனம், எங்களுக்கு 30 நிமிடம் முடியவில்லை. பக்கத்தில் ஓர் அக்கா, தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரலில் ஜெபமாலை, சனிக்கிழமைப் பேரை, அதாவது அன்றைய நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்தவர். அவரையாவது நிம்மதியாக ஜெபிக்க விடக்கூடாதா?