மெக்லெல்லன் வென்றிருந்தாலும் தெற்கு தப்பியிருக்காது

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே வந்த 1864 அதிபர் தேர்தலில், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் மெக்லெல்லனிடம் லிங்கன் தோற்றிருந்தால், பிரிந்துபோன தென் மாநிலங்கள் தனி நாடாகியிருக்கும் என்று நான் படித்த ஒரு கட்டுரையை அதன் ஆசிரியர் முடிக்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. தேர்தல் நவம்பர் 8. புதிய அதிபர் பதவியேற்பதோ மார்ச் 4. அந்த நான்கு மாதமும் லிங்கன் சும்மா உட்கார்ந்திருப்பாரா? தோற்றுவிடுவோம் என்ற பயத்தில், பதவியேற்புக்குள் நாடு உடையாமல் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஆகஸ்ட் 23 அன்றே எழுதி, மடித்து ஒட்டி, அமைச்சர்களைப் படிக்கவே விடாமல் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கி வைத்தவர் அவர். (என்ன மனுஷர்!) அப்புறம், போரை நிறுத்திப் பேச வேண்டும் என்ற தன் கட்சியின் சமாதானத் தீர்மானத்தை மெக்லெல்லனே ஏற்கவில்லை. தெற்கின் படைத்தளபதி லீ சரணடைந்ததும் மார்ச் 4 கழிந்து ஐந்தே வாரத்தில்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: அடிமை முறையை ஒழித்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் என்ன ஆகியிருக்கும்? 1864 ஜூனில் கீழவையில் தோற்ற அது, 1865 ஜனவரி 31 அன்று நிறைவேறியது லிங்கன் வென்ற தெம்பில்தான். தோற்றுப்போன அதிபருக்காக எதிர்க்கட்சிக்காரர்கள் எத்தனை பேர் மாற்றி வாக்களித்திருப்பார்கள்? திருத்தம் எத்தனை வருஷம் கிடப்பில் கிடந்திருக்குமோ! கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.