மூன்று வருடமாக விற்பனை ஏறவில்லை, பங்கை விற்றுவிடலாமா?

கார்பன் ஃபைபர், பேட்டரிப் பவுடர், பீங்கான் பூச்சு, ஏரோஜெல் மாதிரி புதுவகைப் பொருள் செய்யும் சின்னக் கம்பெனிகளின் பங்கை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விற்பனை எண்ணை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. அந்த எண் கடைசியில்தான் அசையும். அதற்கு முன்னால் அசைய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவை அசைகின்றனவா என்று பாருங்கள்.

ஜப்பானின் டோரே நிறுவனம் கார்பன் ஃபைபரை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது 1971ல். தொடக்க ஆண்டுகளில் அதை வாங்கிச் சோறு போட்டவை தூண்டில் கம்பும் கோல்ஃப் மட்டையும்தான். எடையில் பாதி கூட்டுப்பொருளாக (பெரும்பாலும் கார்பன் ஃபைபரும் பிசினும் சேர்ந்தது) இருக்கும் போயிங் 787 பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தது 2011ல். இடையில் 40 வருடம். அதே 1971ல் ரோல்ஸ் ராய்ஸ் திவாலானது. அதன் புது விமான எஞ்சினின் முன்புற விசிறிக்குக் கார்பன் ஃபைபர் இதழ்கள் வைக்கப் போய், பறவை மோதல் சோதனையில் அது தாங்கவில்லை, டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. திவாலுக்கு அது ஒன்றே காரணமில்லை, ஆனால் செலவும் தாமதமும் ஏறியதில் அதற்கும் பங்குண்டு. பொருள் ஒன்றுதான். ஒருவர் தூண்டிலில் தொடங்கினார், இன்னொருவர் நேரே எஞ்சினுக்குள் நுழைந்தார்.

ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? ஆய்வகத்தில் 1 லிட்டர் குடுவையில் அருமையாக வந்த பவுடரை 1000 லிட்டர் ரியாக்டரில் செய்யப் பாருங்கள். கொள்ளளவு 1000 மடங்கு கூடும், வெப்பம் வெளியேறும் சுவர்ப் பரப்போ 100 மடங்குதான் கூடும். ஒவ்வொரு சதுர அங்குலமும் பத்து மடங்கு வெப்பத்தைக் கடத்தியாக வேண்டும். முடியாதபோது நடுப்பகுதி சூடாகி, துகள் அளவு கலைந்து, ஒரே பேட்ச்சுக்குள் இரண்டு விதமான சரக்கு வரும். அப்புறம் ஈல்டு, அதாவது போட்டதில் நல்ல சரக்காகத் தேறும் பங்கு. ஐந்து கட்டத்திலும் 90 சதவீதம் தேறினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முடிவில் கைக்கு வருவது 59 சதவீதம். ஒவ்வொரு கட்டத்தையும் 98க்குக் கொண்டுவந்தால் 90 தேறும். லாபமா நஷ்டமா என்பது இந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது. அதைச் சரிசெய்யும் வருடங்களில் விற்பனை எண்ணில் ஒன்றுமே தெரியாது.

இவ்வளவும் முடிந்தால் வாடிக்கையாளரின் சோதனை. முதலில் சில கிராம் சாம்பிள், பிறகு சில கிலோ, பிறகு அடுத்தடுத்த பேட்ச்கள் ஒரே மாதிரி வருகின்றனவா என்ற பரிசோதனை. 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைக்கும் சோதனை ஒன்றுக்கே ஆறு வாரம் போய்விடும். தோற்றால் கலவையை மாற்றி மறுபடி முதலிலிருந்து. மூலப்பொருள் தருபவரை மாற்றினாலோ உலையை வேறு இடத்துக்கு நகர்த்தினாலோகூட மறு ஒப்புதல் கேட்பார்கள். ஆனால் இதே தொல்லைதான் பின்னால் கம்பெனிக்குக் கவசம். ஒப்புதல் வாங்கிய சரக்கை, பத்து பைசா குறைவாகத் தருகிறேன் என்று இன்னொருவர் வந்ததற்காக யாரும் மாற்ற மாட்டார்கள்.

அதனால் ஆண்டறிக்கையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஆர்டரின் நிலையை. போன வருடம் சாம்பிள், இந்த வருடம் பைலட் அளவு (முழு உற்பத்திக்கு முந்தைய சிறிய அளவு), அதே வாடிக்கையாளர் திரும்ப வாங்கியிருக்கிறார் என்றால் கம்பெனி நகர்கிறது. மூன்று அறிக்கையிலும் “முன்னணி நிறுவனங்களுக்குச் சாம்பிள் அனுப்பியுள்ளோம்” என்று பெயர் மட்டும் மாறி வந்தால் நகரவில்லை.

இரண்டாவது, காத்திருப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை. வருடத்துக்கு 20 சதவீதம் புதுப் பங்கு வெளியிட்டுக்கொண்டே போனால் ஐந்து வருடத்தில் பங்கு எண்ணிக்கை 2.5 மடங்கு. உங்களிடம் 10 சதவீதம் இருந்திருந்தால் 4 சதவீதமாகிவிடும். கம்பெனியின் மொத்த மதிப்பு 2.5 மடங்கானால்தான் உங்கள் பங்கின் விலை பழைய இடத்தில் நிற்கும். பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை, பங்கு எண்ணிக்கை அறிக்கையிலேயே அச்சாகி இருந்தும்.

மெதுவாக வளரும் கம்பெனியைவிட, ஒப்புதலுக்கு முன்பே பெரிய ஆலை கட்டும் கம்பெனியைக் கண்டுதான் எனக்குப் பயம். ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் 2013 அக்டோபரில் ஆப்பிளுக்கு நீலக்கல் படிகம் தர ஒப்பந்தம் போட்டது. 57.8 கோடி டாலர் முன்பணம், தவணைகளில். அந்த அளவுப் படிகத்தை நல்ல ஈல்டில் வளர்க்க அதனால் முடியவில்லை. 2014 அக்டோபரில் திவால் மனு. அந்த ஒப்பந்தச் செய்தியைப் பார்த்துப் பங்கை வாங்கியவர்களுக்குப் பொறுமை காட்ட ஒரு வருடம்கூடக் கிடைக்கவில்லை.

பங்கை வாங்கும் அன்றே எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள்: எந்த வாடிக்கையாளரின் ஒப்புதல், எத்தனை டன், எந்தக் காலாண்டு. ஒரு முறை தள்ளிப்போனால் காரணம் கேளுங்கள். உலைக் கோளாறு, சோதனைத் தோல்வி என்று குறிப்பாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம். “சந்தைச் சூழல்” என்று மட்டும் சொன்னால் கொடுக்காதீர்கள். கையிருப்பு ரொக்கத்தைக் காலாண்டுச் செலவால் வகுத்துப் பாருங்கள். 4 காலாண்டுக்குத்தான் காசு இருக்கிறது, ஒப்புதலுக்கு 6 காலாண்டு ஆகும் என்றால் நடுவில் புதுப் பங்கோ கடனோ வரும். கூடுதலாக வாங்க நினைப்பவர்கள் அது என்ன விலையில் வருகிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.